கெட்டது எதுவும் பார்ப்பதில்லை, ஆனாலும் ஜெபிக்க முடியவில்லை

ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார்: "அக்கா, நான் விசுவாசக் குடும்பத்தில் வளர்ந்தவன். வேலைக்காகச் சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். காலையில் கண் விழித்ததும் கையில் போன், இரவு தூங்கும்வரை போன். ஆபாசமாக எதுவும் பார்ப்பதில்லை. காமெடி, கிரிக்கெட், செய்தி, சமையல். பாதிக்குப் பாதி பிரசங்கமும் ஆராதனைப் பாட்டும்தான். ஆனால் முழங்கால் போட்டால் ஐந்து நிமிஷம் தாண்ட முடியவில்லை. வேதத்தில் ஒரு அதிகாரத்தை முழுதாகப் படித்து மாதக்கணக்காகிறது. கெட்டதே பார்க்காமல் இருந்தும் ஏன் இப்படி? இது பாவமா? போனைத் தூக்கி எறிந்துவிடவா?"

தம்பி, நான் பள்ளிக்கூட ஆசிரியை. எங்கள் சபையில் பதினெட்டு வருஷமாக ஓய்வுநாள் பள்ளியும் வாலிபர் வேதபாட வகுப்பும் எடுக்கிறேன். இதே கேள்வியை வெவ்வேறு வார்த்தைகளில் நிறைய பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் "கெட்டதே பார்க்காமல் இருந்தும்" என்கிற இடத்தில்தான் என் மனம் நின்றது. நம்மை அப்படித்தான் வளர்த்தார்கள். என் சின்ன வயதில் சினிமா பார்ப்பது பாவம் என்று பிரசங்கத்தில் நேரடியாகவே சொல்வார்கள். டிவி வாங்கிய வீட்டைப் பற்றிச் சபையில் பேச்சு எழும். அந்தப் பெரியவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். "தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்" என்ற 101-ஆம் சங்கீதத்தை அவர்கள் உண்மையாகவே வாழ்ந்தார்கள். ஆனால் அவர்கள் வாசலில் நின்று உள்ளே வருகிற சரக்கை மட்டும் சோதித்தார்கள். கதவு ஓயாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் இருப்பவர் என்ன ஆவார் என்று யோசிக்க வேண்டிய அவசியம் அன்றைக்கு இல்லை. அந்தக் கதவு அப்படித் திறந்து மூடவில்லை. மணிலாவிலிருந்து ரேடியோ வெரித்தாஸின் தமிழ் ஒலிபரப்பு சிற்றலையில் வரும். குறித்த நேரத்தில் தொடங்கும், குறித்த நேரத்தில் முடியும். முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். கேட்டது மனதில் ஊற, மீதி நாள் முழுவதும் இருந்தது.

இன்றைக்கு எதைப் பார்க்கிறோம் என்பது பாதிக் கேள்விதான். பார்க்கும் விதம் நம்மை என்னவாக ஆக்குகிறது என்பது மறுபாதி. உங்களுக்கு நோவது அந்த மறுபாதி.

எனக்கு அது புரிந்த இரவைச் சொல்கிறேன். அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரவுகளில் நான்தான் பக்கத்தில் இருப்பேன். ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும். வார்டில் விளக்கைக் குறைத்திருந்தார்கள். "ஒரு சங்கீதம் வாசிம்மா" என்றார். பையில் வேதப்புத்தகம் இல்லை, போனில் இருந்தது. 121-ஆம் சங்கீதத்தைத் திறந்தேன். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று வாசித்து, "உன் காலைத் தள்ளாடவொட்டார்" வரைக்கும் வந்திருப்பேன். திரையின் மேல்விளிம்பில் ஒரு செய்தி இறங்கியது. எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் யாரோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். என் கண் மேலே போய்விட்டது. திரும்பி வந்தால் எந்த வரியில் விட்டேன் என்று தெரியவில்லை. இரண்டு வினாடி மௌனம். அம்மா கண்ணை மூடியபடியே, "உன்னைக் காக்கிறவர் உறங்கார். இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்று தொடங்கி, கடைசி வசனம் வரைக்கும் தானே சொல்லி முடித்தார்.

அம்மா எட்டாம் வகுப்பு தாண்டாதவர். நான் முதுகலை படித்தவள், வேதபாடம் எடுக்கிறவள். அந்த இரவில் அவருக்குள் வசனம் இருந்தது, என் கையில் திரை இருந்தது. என் கண் அந்த வரியிலிருந்து போனதற்கு ஒரு கெட்ட காரியமும் காரணமில்லை. ஒரு கட்டைவிரல் படம் போதுமானதாக இருந்தது. அந்த அளவுக்கு என் கண் பழகிப்போயிருந்தது.

யோவான் 15-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். "என்னில் நிலைத்திருங்கள், நானும் உங்களில் நிலைத்திருப்பேன்." அந்த அதிகாரத்தில் ஆண்டவர் இந்த நிலைத்திருத்தலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கொடி செடியோடு ஒட்டியே இருக்க வேண்டும், வந்து வந்து போகக்கூடாது. ஜெபம், தியானம், வேதவாசிப்பு, பாவ அறிக்கை, ஏன், பக்கத்தில் அழுகிறவரோடு உட்கார்ந்திருப்பது, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு திறன்தான். ஒரு இடத்தில் இருக்கத் தெரிவது. சுவாரசியம் குறைந்த பிறகும் எழுந்து போகாமல் இருப்பது.

இப்போது நாம் விரலுக்குக் கொடுக்கும் பயிற்சியைப் பாருங்கள். ரீல்ஸ் ஒன்று அரை நிமிஷம் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் நூற்றிருபது. ஒரு சிரிப்பு, ஒரு விபத்து, ஒரு நடனம், "கர்த்தர் உன் கண்ணீரைக் கண்டார்" என்று ஒரு போதகர், ஒரு பிரியாணி, ஒரு சவ ஊர்வலம், மறுபடி ஒரு சிரிப்பு. பிடிக்காவிட்டால் ஒரு தள்ளு, பிடித்தாலும் முடிந்ததும் ஒரு தள்ளு. சவ ஊர்வலத்தில் இரங்கத் தொடங்கிய மனம் அந்த இரக்கத்தை முடிப்பதற்குள் சிரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் நூற்றிருபது முறை "இங்கே நிற்காதே" என்று விரல் மனதுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. அதன்பின் முழங்கால் போட்டு "நில்" என்கிறோம். அது எப்படி நிற்கும்?

இது உங்கள் பலவீனம் மட்டுமல்ல, தம்பி. அப்படி அமையும்படி அதைக் கட்டியிருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதித்தார். கொத்தும்போதெல்லாம் தீனி விழாமல், எப்போது விழும் என்றே தெரியாதபடி விழச் செய்தால், அந்தப் பறவை விடாமல் கொத்திக்கொண்டே இருக்கிறது. அடுத்த தள்ளில் நல்லது ஒன்று வரலாம், வராமலும் போகலாம் என்பதுதான் நம் விரலையும் பிடித்து வைத்திருக்கிறது. பக்கம் முடியாமல் கீழே வளர்ந்துகொண்டே போகும் அமைப்பை 2006-ல் வடிவமைத்தவர் ஆசா ரஸ்கின். பிற்பாடு அவரே அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். புத்தகத்தில் அதிகாரம் முடியும் இடம் என்று ஒன்று உண்டு. அங்கே மூடி வைக்கலாம், நிமிர்ந்து பார்க்கலாம். இதில் அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் டேட்டா மலிவானது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. கணக்குப் பாருங்கள், நீங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் இருந்த வருஷங்கள் அவை. மனம் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் வயதில் இது உங்கள் கைக்கு வந்தது.

இன்னொரு காரியமும் உங்களுக்கு உதவும். ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தாவும்போது மனதில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். கவனத்தின் எச்சம் என்று அதற்குப் பெயர் வைத்தார். குழம்பு வைத்த பாத்திரத்தைக் கழுவாமல் பால் ஊற்றினால் பால் என்ன ஆகும்? காலை ஆறு மணிக்குக் கண் திறந்ததும் இருபது நிமிஷம் போன், ஆறு இருபதுக்கு ஜெபம் என்றால், அந்த ஜெபத்துக்குள் நேற்றைய மேட்சும் யாரோ ஒருவருடைய சண்டையும் மிதந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் இதை "சாத்தான் ஜெபத்தைத் தடுக்கிறான்" என்று என்னிடம் சொல்வார்கள். அவன் தடுப்பது உண்டு. ஆனால் பல நாள் காலையில் அவனுக்கு வேலை வைக்காமல் நாமே தடுத்து முடித்துவிடுகிறோம்.

மனம் அலைவது போனோடு வந்த வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் தனியறையில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, துறவிகளை நடுப்பகலில் பிடிக்கும் ஒரு சலிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பிடித்தவனுக்குப் பகல் ஐம்பது மணி நேரம் போல நீளும். ஜன்னலையே பார்ப்பான், வெளியே வந்து சூரியன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பான், யாராவது சகோதரர் வருகிறாரா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்ப்பான். 91-ஆம் சங்கீதத்தில் வரும் "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" இதுதான் என்று அந்தத் துறவிகள் எடுத்துக்கொண்டார்கள். இதை வாலிபர் வகுப்பில் வாசித்துக் காட்டியபோது ஒரு பையன், "அக்கா, இது நான் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிற மாதிரியே இருக்கு" என்றான். அவன் சொன்னது சரி. ஒரே வித்தியாசம், அந்தத் துறவி எட்டிப் பார்த்தால் வெளியே மணல்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே திரும்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை. நாம் எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அங்கே ஏதோ ஒன்று காத்திருக்கிறது.

பழங்காலத் திருச்சபைத் தலைவர்களில் ஒருவரான அகஸ்டினும் இதை அறிந்திருந்தார். அவருடைய நண்பர் அலிப்பியுஸ் ரோமில் சட்டம் படித்தபோது, கூடப் படித்தவர்கள் மனிதரை மனிதர் வெட்டிக் கொல்லும் காட்சிக்கு அவரை இழுத்துப்போனார்கள். உடம்பைத்தான் இழுத்துப்போக முடியும் என்று சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஒருவன் விழுந்தபோது கூட்டம் போட்ட கூச்சலில் கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான். அதன்பின் தானாகவே போனார், மற்றவர்களையும் கூட்டிப்போனார். காதையும் மூடியிருக்கலாமே என்று அகஸ்டின் ஆதங்கப்படுகிறார். கூட்டம் எதற்கோ ஆரவாரிக்கிறது, என்னவென்று பார்த்துவிடுவோம் என்கிற இழுப்பை இன்றைக்கு நாம் டிரெண்டிங் என்கிறோம். அதே அகஸ்டின், தான் கண்காணி (பிஷப்) ஆன பிறகும், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பல்லி ஈயைப் பிடிப்பதையும், சிலந்தி வலையில் சிக்கியதைச் சுற்றுவதையும் பார்த்து மனம் அங்கே ஓடிவிடுகிறது என்று தேவனிடம் அறிக்கை செய்கிறார். யோவான் சொன்ன "கண்களின் இச்சை" அவருக்கு இதுதான். ஆபாசத்துக்கு முன்னே, வெறுமனே அறிந்துகொள்ளத் துடிக்கும் கண். அவருக்கு ஒரு பல்லி போதும், எனக்கு ஒரு கட்டைவிரல் போதும்.

சரி, நீங்கள் பார்ப்பதில் பாதி பிரசங்கம் என்றீர்கள். இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லப் போகிறேன், வருத்தப்படாதீர்கள். பிரசங்கத்தைத் துண்டாக வெட்டிப் போடும்போது அது பிரசங்கமாக இருப்பதில்லை. நாற்பது நிமிஷம் ஒரு வேதபகுதியை விளக்கிய போதகரின் பேச்சிலிருந்து குரல் உயர்ந்த நாற்பது வினாடியை வெட்டி, பின்னணி இசை சேர்த்து, எழுத்து ஓடவிடுகிறார்கள். கேட்டதும் உடம்பு சிலிர்க்கிறது, கண் கலங்குகிறது, விரல் அடுத்ததுக்குப் போய்விடுகிறது. அந்தச் சிலிர்ப்பையே ஆவிக்குரிய அனுபவம் என்று மனம் பதிவு செய்துகொள்கிறது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை உங்கள் சபைப் போதகர் இயல்பான குரலில் லேவியராகமம் பேசினால் சப்பென்று இருக்கிறது. ஆனால் உங்கள் அப்பாவுக்குச் சுகமில்லை என்றால் வீட்டுக்கு வந்து ஜெபிக்கப் போகிறவர் அவர்தான். திரையில் வருகிற பிரசங்கியாருக்கு உங்கள் பெயர் தெரியாது, "தம்பி, நீ அன்றைக்குப் பேசியது தப்பு" என்று உங்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது.

வாக்குத்தத்த அட்டைகளும் அப்படித்தான். எரேமியா 29:11 எத்தனை ஸ்டேட்டஸில் வருகிறது! "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அருமையான வசனம், அழுகிறவர்களை எத்தனையோ முறை தாங்கிய வசனம். ஆனால் அதற்கு முந்தின வசனம் என்ன தெரியுமா? பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்புதான் திரும்பி வருவீர்கள் என்கிறது. அதற்கும் மேலே போனால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், சிறையாகப் போன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதைக் கேட்டவர்களில் வயதானவர்கள் திரும்பிப் பார்க்காமலே செத்திருப்பார்கள். அந்த எழுபது வருஷத்தோடு சேர்த்து வாசிக்கிறவனுக்குத்தான் அந்த வாக்குத்தத்தம் எவ்வளவு கனமானது என்று தெரியும். அட்டையில் பத்தாம் வசனத்துக்கு இடமில்லை. அட்டைகளிலேயே வளர்கிற விசுவாசம், கஷ்டம் எழுபது நாள் நீடித்தாலே "தேவன் என்னைக் கைவிட்டார்" என்று ஒடிந்துவிடுகிறது. இதை நான் பிள்ளைகளிடம் நேரில் கண்டிருக்கிறேன்.

கோபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சபைக்காரர் இன்னொரு சபைக்காரரைக் கள்ளப்போதகர் என்பார், அவர் பதிலுக்கு ஒரு வீடியோ போடுவார், ஞானஸ்நானம், அந்நிய பாஷை, காணிக்கை என்று போய்க்கொண்டே இருக்கும். அதில் சில கண்டிப்புகள் நியாயமானவையும்கூட. ஆனால் இரவு பதினொன்றுக்கு அதை நான்கு பார்த்துவிட்டுப் படுக்கிறவருக்குத் தான் சத்தியத்துக்காக வைராக்கியம் கொண்டதாகத் தோன்றும். உண்மையில் மனதில் மிஞ்சுவது பகை. 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக்கில் 6,89,003 பேருக்குத் தெரியாமலே அவர்கள் பார்க்கும் பதிவுகளில் நல்ல உணர்ச்சியையோ கெட்ட உணர்ச்சியையோ குறைத்துப் பார்த்தார்கள். அந்த மக்கள் எழுதியதும் அந்தத் திசையில் கொஞ்சம் சாய்ந்தது. 2014-ல் அந்த ஆய்வு வெளியானபோது பெரிய கண்டனம் எழுந்தது. மாற்றம் மிகச் சிறியதுதான், உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆனால் அது ஒரே வாரம். நாம் வருஷக்கணக்கில் ஊற வைக்கிறோம். டிவி காலத்திலேயே ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர், அதிகம் டிவி பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிட அபாயகரமானதாக நினைக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். அப்படிப் பயந்த மனதுக்கு அயலான் அயலானாகத் தெரியமாட்டான், ஆபத்தாகத் தெரிவான். "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல" என்ற கட்டளை அங்கேதான் அடிபடுகிறது.

பாவமா என்று கேட்டீர்கள். பவுல் கொரிந்தியருக்குச் சொன்னதைச் சொல்கிறேன்: "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்." காமெடி பார்ப்பதோ கிரிக்கெட் பார்ப்பதோ பாவமென்று நான் சொல்லமாட்டேன். சிரிப்பு தேவன் தந்தது. ஆனால் "போதும்" என்று உங்களால் வைக்க முடியாத எதற்கும் நீங்கள் அடிமைதான், அது ஆராதனைப் பாட்டாகவே இருந்தாலும் சரி. அதை விட்டுவர உதவி கேட்டு தேவனிடம் போகலாம். குற்றவாளியாக ஒடுங்கிப் போகாமல், வியாதியஸ்தன் வைத்தியரிடம் போவதுபோல் போங்கள். ஆபாசத்தில் சிக்கியிருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கு ஒன்று: தனியாகப் போராடாதீர்கள். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு சொன்னது இதற்குத்தான். வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த ஒரு மூத்த விசுவாசியிடமோ போதகரிடமோ வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இருட்டில் இருக்கும்வரைதான் அதற்குப் பலம்.

போனைத் தூக்கி எறிய வேண்டாம். தமிழ் எழுத்தில் முதலில் அச்சேறியதே ஜெபங்களும் உபதேசமும் அடங்கிய புத்தகம்தான். 1578-ல் கொல்லத்தில் அன்றீக்கே அடிகளார் அச்சிட்ட தம்பிரான் வணக்கம். 1715-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அச்சு, வானொலி, இணையம் எல்லாமே சபைக்குக் கை கொடுத்தவை. 2020-ல் ஆலயங்கள் பூட்டிக் கிடந்தபோது படுக்கையில் இருந்த எத்தனையோ பேர் போன் வழியாகத்தான் ஆராதனையில் கலந்துகொண்டார்கள். எறிந்தால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அசுத்த ஆவி புறப்பட்டுப் போன வீடு "வெறுமையாகவும் பெருக்கி ஜோடிக்கப்பட்டதாகவும்" இருந்ததைக் கண்டு அது வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்தது என்று ஆண்டவர் சொன்னாரே. உணர்ச்சிவசப்பட்டு எல்லா ஆப்பையும் அழித்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்ட பிள்ளைகள் மூன்றாம் வாரம் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். லெந்து நாட்களில் நாற்பது நாள் ஃபேஸ்புக் உபவாசம் இருந்துவிட்டு, ஈஸ்டர் மத்தியானமே உட்கார்ந்து விட்டதையெல்லாம் பார்த்து முடிப்பவர்களும் உண்டு.

அந்த இடத்தில் என்ன வைப்பது? முதலாம் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற" என்று வருகிற எபிரெய வார்த்தை ஹாகா. மௌனமாகக் கண்மூடி இருப்பதல்ல அது, வாய்க்குள் முணுமுணுப்பது. ஏசாயாவில் இரையைப் பிடித்த சிங்கத்தின் உறுமலுக்கும், எசேக்கியா ராஜா புறாவைப்போல் புலம்பியதற்கும் அதே வார்த்தைதான். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குயிகோ என்ற துறவி, வாசிப்பது உணவை வாயில் வைப்பது, தியானிப்பது மெல்லுவது என்று எழுதினார். நம் ஊரில் மாடு சாயங்காலம் தொழுவத்தில் படுத்து அசைபோடுவதைப் பார்த்திருப்பீர்கள். மேய்ந்தது எல்லாம் அப்போதுதான் உடம்பில் சேர்கிறது. நீங்கள் நாள் முழுக்க மேய்கிறீர்கள் தம்பி, நல்ல புல்லைக்கூட மேய்கிறீர்கள். ஆனால் ஒரு வேளைகூட படுத்து அசைபோடவில்லை.

அதனால் சின்னதாகத் தொடங்குங்கள். விலை குறைந்த ஒரு அலாரம் கடிகாரம் வாங்குங்கள். போனைச் சமையலறையிலோ கதவுப் பக்கத்திலோ சார்ஜ் போடுங்கள், தலைமாட்டில் வேண்டாம். "அலாரத்துக்குத்தான் போன்" என்று என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் சொல்வார்கள், அந்தச் சாக்கு முதலில் போகட்டும். அச்சிட்ட வேதப்புத்தகம் ஒன்று கையில் இருக்கட்டும். காலையில் அதைத் தொடும்வரை போனைத் தொடாதீர்கள். வருஷத்தில் முழு வேதமும் முடிக்கும் அட்டவணையை இப்போது எடுக்காதீர்கள். 1,189 அதிகாரத்தையும் தள்ளித் தள்ளி முடிக்கிற இன்னொரு ரீல்ஸ் ஆகிவிடும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு சங்கீதம். வாய்விட்டு, மெதுவாக, தினமும் அதையே. அறையில் கூட இருப்பவர் தூங்கினால் மாடிக்குப் போய் வாசியுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் மாற்கு சுவிசேஷத்தை ஒரே அமர்வில் வாசியுங்கள், பதினாறு அதிகாரம்தான், ஒரு சினிமா நேரம் ஆகும். துண்டுகளாகவே பார்த்த இயேசுவை முழுதாக ஒரு முறை பார்த்தால் எப்படி இருக்கும் என்று அப்போது தெரியும். பிரசங்கம் கேட்பதானால் வாரத்துக்கு ஒன்று, முழுதாக, வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். முடிந்ததும் அடுத்ததற்குப் போகாமல் பத்து நிமிஷம் சும்மா இருங்கள்.

முதல் பத்துப் பதினைந்து நாள் கஷ்டமாக இருக்கும். கை தானாகத் தலையணைப் பக்கம் போகும். ஐந்து நிமிஷம் ஜெபித்ததும் சலிப்பு வரும், தேவன் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். எவாக்ரியுஸ் அந்தச் சலிப்புக்குச் சொன்ன மருந்து ஒன்றுதான், அறையை விட்டுப் போகாதே. ஏதாவது உணர வேண்டும் என்று காத்திருக்காமல் உட்கார்ந்திருங்கள். ஆறாம் நிமிஷத்தில் பெரும்பாலும் அழுகை வரும், அல்லது நீங்கள் மறக்க நினைத்த யாராவது ஞாபகத்துக்கு வருவார்கள். அதுவரை திரை மூடி வைத்திருந்த காரியங்கள் அவை. அங்கேதான் உங்கள் ஜெபம் தொடங்குகிறது.

எந்தச் சங்கீதத்தில் தொடங்கலாம் என்று கேட்பீர்கள். 121-ஐ எடுங்கள், எட்டே வசனம். ஏழாம் நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கண்ணை மூடிச் சொல்லிப் பாருங்கள். எந்த வசனத்தில் தடுமாறுகிறதோ, அடுத்த வாரம் அங்கிருந்து மறுபடி வாசியுங்கள்.